வாசு தந்த வாக்கியம்

2 மார்ச் 2024, சனி

பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தின் பின்னறையில் ஜெபக் கூட்டம். ஐந்தே பேர். எங்கள் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் உச்சத்தில் இருந்தபோது இதே அறையில் தரையில்கூட இடம் கிடைக்காது.

கனகலிங்கம் அங்கிள் அந்த வாரப் பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து மேசைமேல் கவிழ்த்து வைப்பார். ஆளுக்கு ஒன்றை எடுத்து அதற்காக ஜெபிப்போம். நமக்காக எதுவும் கேட்பதில்லை. யார் பெயரையும் சொல்வதில்லை. ஊழல் செய்தி வந்தால் தண்டியும் என்றும் இல்லை, விடுவியும் என்றும் இல்லை. 'உண்மை வெளிச்சத்துக்கு வரட்டும்.' அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது வாசு முதலில் சொன்ன வாக்கியம் அது. இன்றுவரை மாற்றவில்லை.

அவனும் அவன் மனைவி ரமணியும் தாமதமாக வந்தார்கள், கையில் வடைப் பொட்டலம். "லீடர், மொதல்ல வடை. ஆறிப்போச்சுன்னா நாட்ட யாரு காப்பாத்துறது?" மாணவர் ஐக்கியத்துக்கு நான் தலைவியாக இருந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறான். இப்போது சுபாங் ஜெயாவில் வெறும் விரிவுரையாளர் நான்.

இளைத்திருக்கிறான். கேட்டேன். "ஆபிஸ்ல வேல லா."

8 மார்ச், வெள்ளி

ரமணி கூப்பிட்டாள். அழவில்லை. "நேத்து அவர ஊழல் தடுப்பு ஆளுங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க அக்கா. ஏதோ வடிகால் வெட்டுற குத்தகையாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

வாசுவா? நம்ம வாசுவா?

9 மார்ச், சனி

போகாமல் இருந்திருக்கலாம்.

ஷான் எடுத்த செய்தியில் படம் இருந்தது. ஊழல் தடுப்புக் காவலில் போட்டுவிடும் ஆரஞ்சு டி-ஷர்ட், கையில் விலங்கு, முகத்தை மறைத்த காகிதம். பெயர் இல்லை. 'அரசாங்க அதிகாரி' என்று மட்டும். ஷான் வக்கீல், எங்களில் இளையவன், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான். "இன்னொரு ஆரஞ்சா? துணி தீர்ந்துபோகப் போகுது லா." அங்கிள்கூடச் சிரித்துவிட்டார். பிறகு கண்ணை மூடி ஷான் சொன்னான், "உண்மை வெளிச்சத்துக்கு வரட்டும்."

ஆமென் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வரக் கூடாது, வரக் கூடாது என்றுதான் உள்ளே ஓடியது.

10 மார்ச், ஞாயிறு

படிப்பு முடிந்தபோது சிங்கப்பூரில் வாசுவுக்கு வேலை தயாராக இருந்தது. இறுதியாண்டு முகாமில் நான்தான் பேசினேன். நல்ல கிறிஸ்தவர்களாக ஒதுங்கி வாழ்வதற்கு அல்ல நம் படிப்பு; பள்ளிக்கூடங்களுக்குள், ஆஸ்பத்திரிகளுக்குள், அரசாங்க அலுவலகங்களுக்குள் அழுகாமல் காக்கும் உப்பாகப் போவதற்கு. "நாமெல்லாம் ஒதுங்கிட்டா உள்ள யாரு லா போறது?" அவன் அரசாங்க வேலைக்குப் போனான். மேடையில் அவன் தலைமேல் கைவைத்து ஜெபித்து அனுப்பினோம்.

அந்தப் பேச்சு பொய்யில்லை. இன்றும் அதையே பேசுவேன். பேசுவேனா?

20 ஏப்ரல், சனி

நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்திருக்கிறான். இப்போது பெயரும் வந்துவிட்டது, இடமும் வந்துவிட்டது.

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்பு எங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் வடிந்த மறுவாரம் எல்லாரும் போய்ச் சேறு வாரினோம். முழங்கால் சேற்றில் நின்று, ஒரு வீட்டுக் குளிர்பெட்டியைத் தனியாக முதுகில் தூக்கி வந்தவன் வாசு. அதன் பிறகுதான் வடிகாலை ஆழப்படுத்தக் குத்தகை விட்டிருக்கிறார்கள். வெட்டாத வடிகாலை வெட்டியாகிவிட்டது என்று இவன் கையெழுத்துப் போட்டதாகக் குற்றச்சாட்டு. சென்ற ஆண்டு அங்கே மறுபடியும் தண்ணீர் ஏறியது. அதற்காகவும் ஜெபித்தோம். வாசுவும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தான்.

ஷான் அந்தச் செய்தியைத் திருப்பிப் பார்த்தான், பழையபடி கவிழ்த்து வைத்தான். "அன்னிக்கி சிரிச்சேனே அக்கா." யாரும் எடுக்கவில்லை. அங்கிள் அதைத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

27 ஏப்ரல், சனி

செய்தி இன்னும் அங்கிளின் வேதாகமத்தில்தான். ரமணி இன்றும் வரவில்லை.

11 மே, சனி

ஜாமீனில் இருக்கும் வாசு கூப்பிட்டான். "கோர்ட்ல எனக்காகப் பேசணும் லீடர். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு சொன்னாப் போதும்."

"செஞ்சியா வாசு?"

போனை ரமணி வாங்கினாள். "சிங்கப்பூருக்குப் போக இருந்தவரத் தடுத்து கவர்மெண்டுக்கு அனுப்புனது நீங்கதானே? அப்ப பேசத் தெரிஞ்சுச்சு. இப்ப வாய் அடைச்சுப் போச்சா?"

அடைத்துத்தான் போயிருக்கிறது.

12 ஜூன், புதன்

கிள்ளானுக்குப் போனேன். அவனே அந்தத் தாமானுக்கு வரச் சொன்னான். சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரிக் தேநீர் வாங்கினோம், இரண்டும் ஆறிப்போயின. எதிரில் அந்த வடிகால். புல் மண்டி, ஒரு சாண் ஆழம்கூட இல்லை. ஒரு சிறுமியின் சிவப்புச் செருப்பு ஒன்று கிடந்தது.

"கையெழுத்து நான் போட்டதுதான்," என்றான். "மொத தடவ குத்தகைக்காரங்க அனுப்புன கிறிஸ்மஸ் ஹேம்பர், ஒரு பரிசுக் கூடைதான் லா. திருப்பி அனுப்புனா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்னாங்க. சரின்னு வச்சுக்கிட்டேன். அப்புறம் எதையுமே திருப்பி அனுப்பல."

நான் வடிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை என் செய்திய எடுத்தீங்களா?"

"இல்ல."

"மந்திரிங்களுக்கெல்லாம் எடுத்தீங்க. எனக்கு மட்டும் என்ன?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எடுங்க லீடர். பயமா இருக்கு. ஆனா எடுங்க."

17 ஆகஸ்ட், சனி

இன்றும் எடுக்கவில்லை. எத்தனை சனிக்கிழமை போகிறது. என்னால முடியல ஆண்டவரே.

30 ஆகஸ்ட், வெள்ளி

மறுப்பை மாற்றிக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதிமன்றத்தில் ஷானோடு நின்றேன். சிறை. கூட்டிப் போகும்போது ரமணியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தலையை மட்டும் அசைத்தான்.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா. சாலையெல்லாம் கார்களில் கொடி பறக்கிறது.

மார்ச்சுக்குப் பிறகு ரமணி இன்று வந்தாள். "இன்னைக்கி நான் வெட்டுறேன் அங்கிள்," என்று கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சுதந்திர நாள் வாழ்த்துகள். உள்பக்கத்தில் விளம்பரத்துக்குக் கீழே அந்தச் சின்னச் செய்தி. ஓரம் பிசகாமல் வெட்டி மற்றவற்றோடு வைத்தாள். அதை மட்டும் கவிழ்க்கவில்லை.

நான் எடுத்தேன்.

"உண்மை" என்று தொடங்கினேன். அதற்குமேல் போகவில்லை. அதுதான் வந்துவிட்டதே. இனி என்ன கேட்பது? வந்த பிறகு கேட்பதற்கு ஒரு வாக்கியம் நாங்கள் வைத்துக்கொள்ளவேயில்லை.

"பேரச் சொல்லுங்க அக்கா," என்றாள் ரமணி.

"வாசு," என்றேன். வேறு எதுவும் வரவில்லை. அங்கிள் ஆமென் சொன்னார், பிறகு ஷான், பிறகு நான்.

அடுத்ததை ரமணி எடுத்தாள். கிள்ளான் வட்டாரத்துக்குக் கனமழை எச்சரிக்கை. அந்தத் தாமான் மக்களுக்காக, தாழ்வான வீடுகளுக்காக, பிள்ளைகளுக்காக ஜெபித்துக்கொண்டே போனாள். 'வடிகால்' என்ற இடத்தில் குரல் நின்றது. நாங்கள் காத்திருந்தோம். அந்தச் சொல்லை மறுபடி சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.