வருஷம் எழுதாத உறை

நேற்று உன் மனைவி பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, கிள்ளானில் என் வீட்டுக்கு வந்தாள். உன் பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தாள். "வீட்டுல இருந்தா அழுகையா வருதுண்ணே. நீங்களே வெச்சுக்குங்க" என்றாள்.

அவள் போன பிறகு மூடியைத் திறந்தேன். ஈரமண்ணும் துருவும் கலந்த அதே வாடை. ஏழு வருஷமாக நாம் இருவரும் தோண்டி எடுத்த காசுகள், ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காகித உறையில். உறைதோறும் உன் கோழிக்கிறுக்கலில் மூன்று வரி: இடம், ஆழம், வருஷம். ஓர் உறையில் மட்டும் மூன்றாவது வரி காலியாக இருந்தது. அது உன் அம்மாவின் காசு.

மோரிப் கடற்கரையில் ஆரம்பித்தபோது எனக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்தான். உலோகம் தேடும் உன் கருவி கீச்சென்றதும் குதிப்பேன். தோண்டினால் டின் மூடி வளையம். "இன்னிக்கி உன் சொத்து இவ்ளோதான் லா" என்று சிரிப்பாய். காசு கிடைத்தால் உன் சிரிப்பு நின்றுவிடும். கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணருகே வைத்து, முதலில் வருஷத்தைத்தான் தேடுவாய். ஒரே படத்தை இருபது வருஷம் அச்சடிப்பார்கள், படத்தை நம்பாதே என்பாய். "அதுல இருக்கிற வருஷத்துக்குப் பின்னால எப்ப வேணாலும் மண்ணுக்குள்ள போயிருக்கலாம் டா. முன்னால போயிருக்கவே முடியாது." நூறு தடவையாவது சொல்லியிருப்பாய். நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே தலையாட்டுவேன்.

கருவியை நீ எதற்கு வாங்கினாய் என்பது ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. தெலுக் பங்லிமா காராங் தாண்டி, நீ பிறந்த தோட்டத்தை விற்றுத் தொழிற்சாலைக்காக நிலத்தைச் சீவத் தொடங்கினார்கள். அன்றுதான் வாயைத் திறந்தாய். உனக்கு ஏழு வயதில் அம்மா இறந்தாள். அவள் நெற்றியில் சந்தனம் வைத்து ஓர் இருபது காசு நாணயத்தை ஒட்டியவன் நீ. குழி வெட்டியவர் அதை எடுக்கக் குனிந்தபோது, "தொடாதீங்க, அவகிட்டயே இருக்கட்டும்" என்று உன் அப்பா கத்தினாராம். குழிமேட்டில் நட்ட கட்டையைக் கரையான் தின்றது. தோட்டத்து ஜனங்கள் கலைந்து போனார்கள். அவள் குழியைக் காட்ட மிச்சம் அந்தக் காசு ஒன்றுதான்.

தோட்டத்து இடுகாடு தண்ணீர் ஊறும் மண், குழிகள் ஆழமில்லை. மேல்மண்ணைச் சீவிவிட்டதால் இப்போது கருவிக்கு எட்டும். லோரிகள் புதுமண் கொட்டி மூடுவதற்குள் அவளைக் கண்டுபிடித்து, எலும்பை எடுத்துத் தகனம் செய்து கடலில் கரைக்க வேண்டும் என்றாய். அங்கிருந்த சூப்பர்வைசர் ஒரு மாதம் நேரம் கொடுத்தார்.

உன் காலில் சர்க்கரைப் புண் இருந்தது. பூட்ஸுக்குள் சேறு புக, நாள் முழுக்க வெயிலில் நின்றாய். உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கால எடுக்கணும்னு டாக்டர் சொல்றாருண்ணே. எப்படியாவது நிப்பாட்டுங்க" என்று அழுதாள். உன்னிடம் சொன்னேன். "எனக்கு ஒரு காலு போனா இன்னொண்ணு இருக்கு. அம்மாவுக்கு யாரு இருக்கா?" என்றாய்.

ஆகவே திருட்டு வேலை செய்தேன். என் வீட்டுக் கண்ணாடி ஜாடியில் கிடந்த பழைய காசுகளில், அவள் காலத்து நாடாளுமன்றக் கட்டடப் படம் போட்ட ஓர் இருபது காசைப் பொறுக்கினேன். வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்துக் கறுப்பாக்கி, நாம் இன்னும் பார்க்காத ஓரிடத்தில் நாலு அங்குல ஆழத்தில் புதைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கருவி அங்கே கீச்சென்றது. முழங்காலிட்டுத் தோண்டி எடுத்தாய். கட்டைவிரலால் துடைத்து, பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாய். அழுகிறாய் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். குடை பிடித்து நின்ற உன் மனைவியைப் பார்த்தாய்.

"எலும்பு ஒண்ணும் இல்லியே" என்றாள் அவள்.

"இந்த மண்ணு எலும்பத் தின்னுரும்மா. இது அம்மாதான்" என்றாய். பிறகு பூட்ஸைக் கழற்றினாய். "போதும். வீட்டுக்குப் போலாம் லா."

சூப்பர்வைசர் கொடுத்த மாதத்தில் ஒரு வாரம் மிச்சமிருந்தது. நாம் தேடாத கால்வாய் ஓரத்து மூலையும் மிச்சமிருந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளிப் போய், சூடம் காட்டி, மோரிப் கடலில் கரைத்தோம்.

மூன்று வாரம் கழித்துப் பெட்ரோல் ஸ்டேஷனில், அந்த நிலத்தில் மண் கொட்டிய ஒரு லோரிக்காரர் சொன்னார்: "அந்தக் கால்வாய் ஓரத்துல எலும்பா வந்துச்சுண்ணே. மண்ணோட அள்ளி எங்கியோ கொட்டிட்டாங்க." உன்னிடம் நான் சொல்லவில்லை. உன் அம்மாதான் கிடைத்துவிட்டாளே, எதற்கு உன்னைக் கலக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழை நான். அத்தனையும் செய்தும் உன் கால் போனது. ஆறு மாதத்தில் நீயும் போனாய்.

நேற்று அந்த உறையைப் பிரித்து, டின்னிலிருந்த உன் பூதக்கண்ணாடியை எடுத்துக் காசைப் பார்த்தேன். வருஷம் தெளிவாகவே இருந்தது. உன் அம்மா இறந்து நாலு வருஷம் கழித்து அச்சடித்த காசு. ஏழு வருஷம் உன்னோடு சுற்றியும், நான் படத்தைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.

நீ அன்றே பார்த்துவிட்டாய். எனக்காக நிறுத்தினாயா, உன் மனைவிக்காகவா, உடம்பு முடியாமலா? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே டா. திட்டிவிட்டு அந்த மூலைக்குப் போயிருக்கலாமே. என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் ஒரு வரியைக் காலியாக விட்டாய், அவ்வளவுதான்.

பேனாவை எடுத்து அந்த வரியில் வருஷத்தை எழுதினேன். இடம் என்று நீ எழுதியிருந்த 'தோட்டத்து இடுகாடு' என்பதை அடித்துவிட்டு, 'என் வீட்டு ஜாடி' என்று எழுதினேன். உறை இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் சாகும்போது என் நெற்றிக்கு வேறு காசு தேட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.