மஞ்சள் பட்டை

அண்ணன் வீட்டில் இருக்கும் உங்களுக்கு,

நலம்தான். அசதி மட்டும் போகவில்லை. நீங்கள் விட்டுப்போன சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அனுப்பவா, வேண்டாமா?

"அப்பா எங்க?" என்று நம் மகள் என்னைப் பிடுங்கி எடுத்தபோது, மகரந்தம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள், காற்று தெளிந்ததும் வருவீர்கள் என்று சொல்லிவைத்தேன். காற்றில் மகரந்தத்தை அளப்பதுதானே என் வேலை. வாயில் வேறு பொய் வரவில்லை.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நேராக என் ஆய்வகத்துக்கு வந்துவிடுகிறாள். மாடியிலிருந்து வானத்துக்கு அனுப்பும் லேசர் ஒளி, மகரந்தத்தில் பட்டுத் திரும்பினால் திரையில் மஞ்சள் பட்டையாகத் தெரியும். அதைப் பார்த்து, "இன்னும் இருக்கும்மா" என்று தானே சமாதானமாகி வீட்டுப்பாடம் எழுத உட்காருவாள்.

நேற்றைய மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. இன்று திரை வெறிச்சென்று இருந்தது. அவள் வருவதற்குள் போன வாரத்துப் படத்தை எடுத்துப் போட்டுவைத்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். "அப்பா பாவம்மா. அவருக்கு மூச்சு விடவே கஷ்டமா இருக்கும்ல?" என்றாள்.

நாளைக்கும் அதே படத்தைப் போட எனக்குத் தெம்பில்லை. காற்று சுத்தமாகிவிட்டது என்று சொல்ல உங்களைக் கூப்பிடுவாள். இந்த முறையாவது போனை எடுங்கள். என்ன சொல்வது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளின் அம்மா