சுரங்கத்துப் பேய் நாம்தான்

இன்று காலை பள்ளிக்கூடம் போகையில் சுரங்கத்து வாயிலிருந்தே கற்பூர வாசனை. ஊரே கூடி எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டிருந்தது. உன் சாவுக்குப் பரிகாரமாம். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, அப்புறம்தான் கோபம்.

பாகாலா பக்கம் ரயில்பாதையை அகலப்பாதையாக்கி வேறிடத்தில் தள்ளிப் போட்டபோது ரயில்காரர்கள் கைவிட்ட சுரங்கம். நமக்கோ பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குவழி. மலையைச் சுற்றினால் முக்கால் மணி நேரம். போன வருஷம் நீ ஒரு பிவிசி குழாயை எடுத்து உள்ளே நின்று ஊத, ரயிலே வருவதுபோல் முழங்கியது. ஆடு மேய்க்கிறவர் துண்டைப் போட்டுவிட்டு ஓடினார். "பேசஞ்சர் இல்லடி, பேய்சஞ்சர்" என்றேன். நீ ஜல்லியில் விழுந்து சிரித்தாய். மறுநாளே அங்கே தேங்காய் உடைத்திருந்தார்கள். "பேய்க்குப் படைச்சதைப் பேய்தான் துன்னணும்" என்று முதல் சில்லை எடுத்ததும் நீதான்.

பிறகு உனக்குக் காய்ச்சல். டெங்கு என்று திருப்பதியில் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். ஊர் மட்டும், சுரங்கத்துப் பேய் அடித்துவிட்டது என்றது. உன் தங்கச்சியை அந்த வழியில் அனுப்பவும் பயம், சுற்றுவழியில் தனியாக விடவும் பயம். படிப்பே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார் உன் நைனா.

அதனால்தான் பூசைக்கு நடுவில் புகுந்தேன்.

"மாமா, அந்தப் பேய் நாங்கதான். குழாய ஊதினது உங்க பொண்ணு. தேங்காயில பாதி துன்னது நான்."

உன் நைனா பளாரென்று ஓர் அறை விட்டார். "செத்தவ மேல பழி போடறியா?"

"பேய் தூக்கிக்கினு போச்சுன்னு நீங்க சொல்றதுதான் மாமா பழி. பேய்க்கே அவதான் முதலாளி!"

யாரும் சிரிக்கவில்லை. உன் அம்மா மட்டும் கேட்டார்: "அன்னிக்கு ரொம்ப சிரிச்சாளா?"

"ஜல்லியில உருண்டா அத்தே."

அவர் தன் பின்னால் ஒளிந்திருந்த உன் தங்கச்சியை முன்னால் தள்ளினார். "இவளோட போ, மணியாவுது."

"பையே எடுத்துக்கினு வரலம்மா…"

"இன்னிக்கு ஒருநாள் இவ புஸ்தகத்தைப் பாத்துக்கோ. போ!"

உன் நைனா தடுக்க வந்தார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே பாதி தூரம் போனதும் அவள் கேட்டாள்: "அக்கா, நிஜமாவே பேய் இல்லியா?"

"இருந்துது. உங்கக்காதான்."

சுரங்கத்தை விட்டு வெளியே வரும்வரை என் மணிக்கட்டை விடவேயில்லை. அவளுடைய நாலு நகமும் பதிந்திருக்கிறது. இதை இரண்டாவது பீரியடில் எழுதும்போதும் எரிகிறது. நாளைக்கும் அவள் பிடித்துக்கொண்டு வரட்டும், எரியட்டும்.