மயில் கழுத்து நிறத்தில் ஒரு போர் விமானம்

டார்லிங் டவுன்ஸ்,
மார்ச் 19.

அன்பு மகள் ரோவினாவுக்கு,

தென் அரைக்கோளத்தின் தலைசிறந்த புகைப்படக்காரனும், உன் அப்பாவுக்கு வாய்த்த ஒரே தம்பியும், அந்தக் காரணத்தாலேயே ஆயுளில் பாதியை இழந்தவனுமான உன் சித்தப்பா ராய்ஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சிலர் நலமாகவும் இருக்கிறோம். நீயும் அந்த நார்வே மழையில் பூஞ்சை பிடிக்காமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உங்கள் ஊர் மழையில் ஒரு வாளி இங்கே அனுப்பினால் புண்ணியமாகப் போகும். மழை முகம் பார்த்து நாலு மாதமாகிறது, கொசுக்கள்கூடத் தண்ணீருக்கு வரிசையில் நிற்கின்றன. உன் சித்தியின் பூசணிக்காய் ரொட்டிக்கு ஊர்க் கண்காட்சியில் மறுபடியும் இரண்டாம் பரிசுதான். நடுவரின் பெயர் நம் வீட்டில் இனி உச்சரிக்கப்படாது. உன் அம்மாவின் முழங்கால் தேவலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் டிக்கெட்டை நீ இன்னும் ரத்து செய்யவில்லை என்றால், இந்தக் கடிதத்தை முடிக்கும்வரை அதன்மேல் கை வைக்காதே. ஏப்ரல் கடைசியில் நடக்க இருந்த விமானத் திறப்பு விழா தள்ளிப்போய்விட்டது, இன்ஜினுக்கு ஏதோ ஒரு பாகம் வரவில்லை, நீ வந்து பிரயோசனமில்லை என்று உன் அப்பா போனில் சொன்னாராமே. உன் அம்மா சொன்னாள். மகளே, உன் அப்பா தன் வாழ்நாளில் மூன்று பொய்தான் சொல்லியிருக்கிறார், மூன்றுமே அந்த ஒரு போன் அழைப்பில் சொன்னவை. எல்லாப் பாகமும் வந்துவிட்டது. இன்ஜின் கிணற்றுத் தவளை மாதிரி கத்துகிறது. நடந்தது வேறு.

பழைய விமானத்தைச் செப்பனிடும் நம் கொட்டகையின் நிறச் சட்டம் உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தது. விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியின் நுனிக்கு எந்த மஞ்சள் அடிப்பது என்று ஒரு சண்டை மூண்டது. எலுமிச்சை மஞ்சளா, முட்டைக்கரு மஞ்சளா என்று எழுபது வயசு தாண்டிய பதினொரு பேர் பதினான்கு மாதம் சண்டை போட்டார்கள். கொட்டகைத் தலைவர் கெஸ்லர் எதிர்க்கட்சிக்காரர்களோடு ஒரே மேசையில், ஒரே கெண்டியில், முகத்தைத் திருப்பிக்கொண்டே தேநீர் குடித்தார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பழைய டிராக்டர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள், அதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு உண்டா? கடைசியில் தீர்மானம் போட்டுச் சுவரில் ஒட்டினார்கள்: நிறத்தைப் பொறுத்தவரை கிளெம், அதாவது உன் அப்பா, சொல்வதே முடிவு, வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. உன் அப்பா பேனா எடுத்து அடியில் 'ஒருபோதும்' என்று சேர்த்தார்.

அதன்படி போன குளிர்காலத்தில் உன் அப்பாவே வர்ணம் கலந்தார். பூமராங் என்ற அந்த விமானத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, பத்தொன்பது வருஷமாக உன் அப்பாவை நம் குடும்பத்திடமிருந்து பறித்துக்கொண்ட சக்களத்தி அது. கட்டையும் குட்டையுமாக, பீப்பாய்க்கு இறக்கை முளைத்த மாதிரி. இரண்டாம் உலகப் போர் முழுவதிலும் வானத்தில் ஓர் எதிரி விமானத்தைக்கூடச் சுட்டு வீழ்த்தாத பெருமை அதற்கு மட்டுமே உண்டு. ஒரு பண்ணையில் அது கோழிக்கூடாகக் கிடந்தபோது எடுத்து வந்தோம், கோழிகள்தான் அதற்குள் ஏதோ உருப்படியாகச் செய்திருந்தன. உலகத்தில் மிச்சமிருப்பவை சொற்பம் என்பதால் எல்லோரும் அதற்குக் கும்பிடு போடுகிறோம். அதற்கு அடிக்கவேண்டியது யூகலிப்டஸ் காட்டின் மங்கிய இலைப்பச்சை. மாதிரிக்கு அந்தக் காலத்து வர்ணத்தோடு ஒரு தகடும் இருந்தது. உன் அப்பா அந்தத் தகட்டையும் தன் கலவையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, "ரெட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்கு பாரு" என்றார். நாங்கள் பார்த்தோம். ஒன்று இலை. மற்றது மயில் கழுத்து. நான் வாயைத் திறந்தேன். கெஸ்லர் சுவரில் இருந்த தீர்மானத்தைக் கண்ணாலேயே காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரத்தில் அந்த மொத்தப் பீப்பாயும் மயிலாகிவிட்டது.

இந்த நிலையில் விழாச் சுவரொட்டிக்குப் படம் எடுக்கும் மகத்தான பொறுப்பை என் தோளில் சுமத்தினார்கள். ஒரு மயிலைக் காடாகக் காட்டவேண்டும். மூன்று நாள் போராடினேன். விளக்குகளுக்கு மஞ்சள் தாள் கட்டினேன், விமானம் காமாலை வந்த மயில் ஆனது. கதவைப் பாதி மூடினேன், திருட்டு மயில் ஆனது. உன் சித்தியின் மஞ்சள் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு இறக்கைக்குக் கீழே கெஸ்லரை மல்லாக்கப் படுக்கவைத்தேன், இன்ஜின் ஒழுகிய எண்ணெய் முழுவதும் அவர் மீசையில். படுத்தபடியே, "ராய்ஸ், முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதாத்தான் சொல்லுவாங்க, நீ முழு ஏரோபிளேனையே மறைக்கப் பாக்குற" என்றார். நூற்றுநாற்பது படம் எடுத்தேன். கேமராவுக்கு நம் தீர்மானம் பொருந்தாது போலிருக்கிறது, அது நூற்றுநாற்பது தடவையும் உண்மையையே சொன்னது.

அப்போதுதான் உன் அம்மா குண்டைத் தூக்கிப் போட்டாள். உன் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, பழைய பீர் பாட்டில் வழியாகப் பார்ப்பதுபோலத்தான் பல வருஷமாக உலகத்தைப் பார்த்திருக்கிறார், நீலம் அவர் கண்ணுக்கு வரவே இல்லை என்றாராம் டாக்டர். வியாழக்கிழமை டூவூம்பா ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்கு அறுவை. உடனே கொட்டகையில் அவசரக் கூட்டம். அவர் கண் திறக்கும்போது விமானத்தை எங்கே ஒளிப்பது? ஒருவர் துணி போட்டு மூடலாம் என்றார். ஒருவர் பாதி விளக்கைக் கழற்றலாம் என்றார். கெஸ்லர் தானே ராஜினாமா செய்து டாஸ்மேனியாவுக்குப் போவதாகச் சொன்னார், அதற்கு மட்டும் ஏகமனதான ஆதரவு.

அறுவை நன்றாக முடிந்தது, கவலைப்படாதே. மறுநாள் கட்டு அவிழ்த்ததும் உன் அப்பா முதலில் உன் அம்மாவைத்தான் பார்த்தாராம். "உனக்கு எப்ப இவ்வளவு சுருக்கம் விழுந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க அந்த ஏரோபிளேனப் பாத்துக்கிட்டிருந்தப்ப" என்றாளாம் உன் அம்மா. நான் அவளுக்குச் சிலை வைக்கப்போகிறேன். வீட்டுக்குப் போகச் சொன்னதற்கு, கொட்டகைக்கு விடு என்று அடம்பிடித்து நேராக வந்து நின்றார். நான் கேமராவோடு ஏணிமேல் மாட்டிக்கொண்டேன், இறங்கி ஓடவும் வழியில்லை.

வந்தார். பார்த்தார். வலது கையால் இடது கண்ணை மூடினார், பழைய கண்ணால் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிப் புதுக் கண்ணால் பார்த்தார். மறுபடியும் மாற்றினார். ஒரு கண்ணுக்கு இலை, மறு கண்ணுக்கு மயில். ஏழெட்டுத் தடவை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தார். என் விரல் தானாகவே பொத்தானை அமுக்கிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பி, "எத்தன பேருக்குத் தெரியும்?" என்றார். முதலில் கெஸ்லர் கையைத் தூக்கினார். அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவர்கள் கை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கினேன். திட்டுவார் என்று காத்திருந்தோம், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "பெயிண்டு கெடக்குதுடா, சொரண்டிட்டா போச்சு. பத்தொன்பது வருசம் ஒண்ணா வேல செஞ்சிருக்கோம். அவ்வளவு பயங்கரமான ஆளாடா நான்?" என்றார். கெஸ்லர் எண்ணெய் மீசையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். உன் அப்பா போய் உன் அம்மாவின் காரில் ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்து வராதே என்று சொல்லியிருக்கிறார். கெட்டுப்போன வேலையை நீ பார்க்கவேண்டாம் என்று வெட்கம், வேறொன்றும் இல்லை.

இரண்டு நாள் அவர் கொட்டகைப் பக்கம் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து, பாலாடை நிறமென்று நம்பியிருந்த தன் சட்டைகள் எல்லாம் வெள்ளை என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் காலை நான் போனால், எனக்கு முன்னால் வந்து நிற்கிறார். சுவரில் இருந்த தீர்மானத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாகிவிட்டது. "ராய்ஸ், சொரண்டறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துடு. நானும் நிக்கிறேன்" என்றார். பத்தொன்பது வருஷமாகக் கேமராவைக் கண்டால் இன்ஜினுக்குப் பின்னால் ஒளிகிற மனுஷன்! இறக்கைக்குப் பக்கத்தில், பிடிபட்ட கோழித் திருடன்போல விறைத்து நின்றார். "சிரிங்கண்ணே" என்றேன். "இது சாட்சிக்கு எடுக்குற படம்டா, கல்யாணப் படமா?" என்றார். ஆனாலும் ஓரமாகக் கொஞ்சம் சிரித்திருக்கிறார், உற்றுப் பார். படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம், அடக்கத்தோடு சொல்கிறேன், உலகமே எடுத்ததிலும் இதுதான்.

இப்போது தினமும் காலையில் ஒன்பது கிழவர்களும் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறோம். கொட்டகை முழுக்க நீலப் பொடி, எல்லோரும் மயில் குஞ்சு மாதிரி வீட்டுக்குப் போகிறோம். வால் பக்கம் முடிந்துவிட்டது, நீ வரும் தேதிக்குள் மூக்கு வரைக்கும் வந்துவிடுவோம். புதுப் பச்சையை நேற்றுக் கலந்து ஒரு டின்னில் ஊற்றியாயிற்று. இந்தத் தடவை எல்லோரும் பயமில்லாமல் வாயைத் திறந்தோம், விளைவு பழையபடி சண்டை. கெஸ்லர் கொஞ்சம் கறுப்பு வேண்டும் என்கிறார், நான் வேண்டாம் என்கிறேன், ஒருவர் டிராக்டர் சங்கத்தின் விலாசம் கேட்கிறார். உன் அப்பா அந்த டின்னை இறுக்கி மூடி, மேல் அலமாரியில் தூக்கி வைத்துவிட்டார். யார் முடிவு செய்வது என்று கெஸ்லர் கேட்டதற்கு, "என்னப் பாத்துப் பயப்படாத ஆளு ஒருத்திதான் இருக்கா. வந்தா அவ பாத்துச் சொல்லட்டும், வராட்டி டின்னு அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தார்.

என் மகளே, அந்த டின்னை ஒருவனும் தொடவில்லை.

நல்ல ஆரோக்கியமும், சூடான சோறும், காய்ந்த காலுறையும் உனக்கு என்றும் குறையாமல் இருக்கட்டும். உன் சித்தியும் அம்மாவும் ஆசி சொல்கிறார்கள். பழைய உடுப்பும், மூக்கை மூட ஒரு நல்ல முகமூடியும் மறக்காமல் கொண்டுவா. உன் அப்பா போன் செய்தால் இந்தக் கடிதம் வந்ததாக மூச்சு விடாதே, நான் இன்னும் ஏணிமேலேதான் வேலை செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் வருகையை எதிர்பார்த்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நீலமாக இருக்கும்
சித்தப்பா ராய்ஸ்