ஞாயிற்றுக்கிழமைக் கார்

ஓசூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

நீ கோபித்துக்கொண்டு கோயம்புத்தூர் விடுதிக்குப் போன பின்னும் மாப்பிள்ளை ஞாயிறுதோறும் இங்கே வருகிறார். நீங்கள் இருவரும் ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத்தான் பழுது பார்க்கிறோம். நைட் ஷிப்ட் முடித்து, தூங்காத கண்ணோடு வந்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்கிறார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன். குனிந்து குனிந்து இடுப்பே விட்டுப்போகிறது.

உன்னைப் பற்றி அவர் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

போன ஞாயிறே வண்டி சரியாகி ஓடிவிட்டது. இனி வரமாட்டாரோ என்று, நேற்று நானே கார்புரேட்டர் திருகைத் தளர்த்தி வைத்தேன். இன்று அதைப் பார்த்தவர் என்னையும் ஒருமுறை பார்த்தார். திருகை முடுக்கினார். பிறகு, புதிதாகப் போட்ட ஆக்சிலேட்டர் வயரைத் தானே கழற்றி, "இதுவும் சரியில்ல மாமா. அடுத்த ஞாயித்துக்கெழம வந்துதான் பாக்கணும்" என்றார்.

வீட்டுக்குப் போக மனமில்லாத பிள்ளைகள், சரியாகப் போட்ட கணக்கை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். நாங்கள் இருவரும் இப்போது அப்படித்தான்.

எனக்கு முடியவில்லை, கண்ணு. அந்த வண்டியில் இரண்டு இருக்கைகள்தான். அவற்றில் எதுவும் எனக்கானதில்லை.

கையெல்லாம் கிரீஸோடு,
உன் அப்பா