வலது கண்ணும் மயில்கழுத்துச் சேலையும்

முருகன் துணை

தியாகராய நகர்,
18-9-1978

அன்பு மகள் ஜெயபாரதிக்கு அப்பா நிறைய ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கடையும் சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். கண்ணைச் சுடக் கொடுக்காதீர்கள் அப்பா, நான் வரும்வரை பொறுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் சுட்டு முடித்துவிட்டார்கள், கோபித்துக்கொள்ளாதே. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோதுதானே இடது கண்ணுக்குள் இரத்தம் கசிந்து புகை மூட்டமாகிப் போயிற்று. எல்லாம் இந்தச் சர்க்கரை வியாதி செய்கிற வேலை. வலது கண்ணிலும் அதே மாதிரிப் புது இரத்தக் குழாய்கள் முளைக்கத் தொடங்கிவிட்டன, விட்டால் இதுவும் போகும் என்று டாக்டர் சந்திரமௌலி சொன்ன பிறகு எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நிறம் தெரியாத ஜவுளிக்காரன் கல்லாவில் உட்கார்ந்து யாருக்கு என்ன விற்பான், சொல்லு.

சுடுவது என்றதும் நீ அடுப்பை நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போக வைத்து, ஒரு கருவியில் தாடையை வைத்து உட்காரச் சொல்கிறார்கள், லேசர் என்கிற ஒளி பச்சைப் பச்சையாகப் பளிச் பளிச்சென்று உள்ளே அடிக்கிறது, அவ்வளவுதான். சில அடி மட்டும் சுருக்கென்றது. பயமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். வெளியே காத்திருந்த நம் கடைக் குப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னா மொதலாளி, கண்ணுக்குள்ள வெல்டிங்கு வெச்சிட்டாங்களா என்று கேட்டான், அழ இருந்தவன் சிரித்துவிட்டேன். டாக்டர் விளக்கியது இதுதான். கண்ணின் ஓரங்களில் இரத்தம் போதாத இடங்கள் எனக்கு எனக்கு என்று கேட்டுக்கொண்டே இருக்குமாம், அதற்காகப் புதுக் குழாய்கள் கிளம்புமாம், அவற்றுக்குப் பலம் கிடையாது, பட்டென்று கசிந்துவிடும். கேட்கிற இடங்களை ஒளியால் புள்ளி புள்ளியாகச் சுட்டு அடக்கிவிட்டால் இரத்தம் கேட்க ஆள் இல்லை, புதுக் குழாய்கள் தானாக வாடிவிடும், நடுவில் இருக்கும் பார்வை பிழைத்துக்கொள்ளும். கூட்டம் குறைந்தால் கடைக்காரனுக்குத்தான் வயிற்றெரிச்சல், கண்ணுக்கு அது நல்லது என்று நான் புரிந்துகொண்டேன்.

உன் அம்மா வேறு மாதிரிப் புரிந்துகொண்டாள், அந்தக் கூத்தை எழுதத்தான் இந்தக் கடிதமே. சில வாரம் கழித்துத் திரும்பப் போனோம். கையில் மஞ்சள் மருந்தை ஊசி போட்டுக் கண்ணுக்குள் படம் பிடித்தார்கள், அன்று முழுக்க நான் மஞ்சள் பூசிக் குளித்தவன் மாதிரி இருந்தேன். படத்தைப் பார்த்த டாக்டர், உள்ளே ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கு, குழாயெல்லாம் சிறுத்திருக்கு, நான் எதிர்பார்த்தது இதைத்தான் என்று சந்தோஷமாகச் சொன்னார். உன் அம்மா பேச்சியம்மாள் காதில் ஓட்டம் குறைந்தது மட்டும்தான் விழுந்தது. மறுநாளிலிருந்து எனக்கு மாதுளம்பழச் சாறு, பேரீச்சம்பழம், வெல்லம் போட்டுப் பிசைந்த எள்ளுருண்டை என்று விடாமல் வந்தது. இது என்ன புதுப் பழக்கம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இனிப்பைக் கண்டு வருஷக் கணக்கான நாக்கு, கேட்குமா?

சர்க்கரை பார்க்கும் நீல மருந்து உனக்குத் தெரியும், அதில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால் நிறம் மாறுமே, என் கண் மங்கியதிலிருந்து அம்மாதான் அதைப் பார்த்துச் சொல்வாள். இரண்டு வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவள் சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிறத்தைச் சொல்லாமல் நின்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் நானே எட்டிப் பார்த்தேன். சுத்தமான செங்கல் நிறம்! ஏட்டி பேச்சி, செங்கல்டி, எனக்குத் தெரியுதுடி என்று நான் கத்துகிறேன், அவளோ, ஐயையோ சக்கரை இம்புட்டு ஏறிட்டே, ரத்தமே ஓடலைன்னா கண்ணு எப்படிங்க தெரியும்னுதானே ஊட்டினேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டு அழுகிறாள். குடியைக் கெடுக்கும் நிறத்தைப் பார்த்து இப்படி மகிழ்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டாக்டர் இருவரையும் நிற்க வைத்துத் திட்டினார், சர்க்கரை ஏறினால் சுட்டதெல்லாம் வீண் என்றார். எள்ளுருண்டை டப்பா அன்றே குப்பன் வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது நீல மருந்து இலேசான பச்சையோடு நிற்கிறது. புதுக் குழாய்கள் நன்றாக வாடிவிட்டன, இடது கண்ணில் புகை கலைந்தால் அதற்கும் ஒளி வைக்கலாம் என்கிறார். இருட்டில் கொஞ்சம் தடுமாறுகிறேன், சுட்டதனால் அப்படி இருக்குமாம், போகட்டும்.

பிள்ளைக்குச் சளி பிடித்தால் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டாதே. மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். குடும்பத்தோடு நீ நீண்ட ஆயுளுடன் நிறைவாக இருக்க வேண்டும், முருகன் உங்களுக்குக் குறை வைக்க மாட்டான். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உனக்குப் பார்சலில் ஒரு பட்டுச் சேலை அனுப்பியிருக்கிறேன், யார் உதவியும் இல்லாமல் நானே அலமாரியிலிருந்து எடுத்துக் கடை வாசல் வெயிலில் பார்த்தது. நான் பச்சை கலந்த மயில்கழுத்து என்கிறேன், உன் அம்மா வெறும் ராமர் நீலம் என்கிறாள், குப்பனைக் கேட்டால் ரெண்டு பேரும் சொல்றது கரெக்டு என்கிறான். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு நீலமும் பச்சையும் குழம்பும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வெயிலில் விரித்துப் பார்த்து உள்ளதை எழுது, அப்பா மனம் நோகுமே என்று பொய் எழுதாதே. ராமர் நீலம்தான் என்றாலும் பாதகமில்லை, அந்த இரண்டு நிறத்துக்கு மட்டும் உன் அம்மாவைக் கல்லாவில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். கடையை விட மாட்டேன்.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தை யாரையும் எழுதச் சொல்லாமல் தானே எழுதிய உன் அப்பா,
சி. நல்லசிவம்