நான் அழித்த சிவப்பு வட்டம்

பிப்ரவரி 3

இன்று வரைபடத்தில் பதினோரு கட்டம் பார்த்து முடித்தோம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதில் பத்தொன்பது வருஷம் நானும் இவரும் ஒரே அறையில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இந்த ஒரே வேலை. வெள்ளிக் கிரகத்தை எப்போதோ சுற்றிய ஒரு விண்கலம், மேகத்துக்கு மேலிருந்து ரேடாரில் எடுத்த படங்கள். ஒரே எரிமலை, எட்டு மாத இடைவெளியில் இரண்டு படம். ஏதாவது மாறியிருந்தால் சிவப்பு வட்டம் போட வேண்டும். இதுவரை ஒன்றுகூட உறுதியாகவில்லை. எல்லாம் செத்த மலைகள் என்பது என் கட்சி. ஒன்றாவது உயிரோடு இருக்கும் என்பது இவர் கட்சி.

ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது விதி. இருவரும் அவரவர் பட்டியலை அனுப்பி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் ரொம்ப வசதி.

பிப்ரவரி 11

ஒரே காபியில் மூன்று தடவை சர்க்கரை போட்டார். திட்டினேன். திட்டியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 20

டாக்டர் சொல்லிவிட்டார். மறதி நோய்தான். இனி கூடத்தான் செய்யுமாம்.

"வேலைக்குப் போகலாமா?" என்று மட்டும் இவர் கேட்டார். "முடியிற வரைக்கும் போங்க" என்றார் டாக்டர். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ்ல சொல்லிடாத" என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

மகள் போனில் அழுதாள். "அப்பாவை வீட்டுலயே வச்சுக்கோம்மா." வைத்துக்கொண்டு? சுவரைப் பார்க்கச் சொல்லவா?

மார்ச் 9

இவருடைய பட்டியலைப் பார்த்தேன். குழிந்திருக்கும் எரிமலை வாய்களையெல்லாம் மேடு என்று எழுதியிருக்கிறார். ரேடார் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்பதை மறந்தால் குழி மேடாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் செய்கிற தப்பு. அதற்காக எத்தனை பேரைக் கிண்டல் செய்திருக்கிறார் இவர்!

இவர் சாப்பிடப் போயிருந்தபோது இவருடைய கணினியைத் திறந்து ஒன்பது இடம் திருத்தினேன். பாஸ்வேர்டு என் பிறந்த நாள். விதியை மீறுகிறேன், தெரியும். வேறு என்ன செய்ய?

மார்ச் 27

தினமும் திருத்துகிறேன். இரண்டு பேர் பார்த்தது என்று பேர், பார்ப்பது நான் ஒருத்தி.

கட்டம் 214-ல், ஒரு பெரிய எரிமலையின் வடக்குச் சரிவில் இவர் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். எரிமலை வாய் அகலமாகியிருக்கிறது, புதுக் குழம்பு வழிந்திருக்கிறது என்று பக்கத்தில் குறிப்பு. இரண்டு படமும் எதிரெதிர்த் திசையிலிருந்து எடுத்தவை, உருவம் மாறித்தானே தெரியும்? அழித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

ஏப்ரல் 30

இவருக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

மே 12

பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேகமூட்டம். எதையும் தெளிவாகச் சொல்லமாட்டார். இன்று இவரிடம், "கொஞ்ச நாள்... அதாவது... ஓய்வு மாதிரி..." என்றார். எங்களுக்கு முதல் தடவையாகத் தெளிவாகப் புரிந்தது. இவர் தன் மேசையை இரண்டு தடவை துடைத்தார். நாற்காலியை உள்ளே தள்ளிவைத்தார்.

ஆகஸ்ட் 18

மேகமூட்டம் கூப்பிட்டார். பழைய படங்களைக் கணினியில் மறுபடி ஒப்பிட்டிருக்கிறார்கள், திசையால் வரும் வித்தியாசத்தைக் கழித்துவிட்டு. "கட்டம் 214. வாய் விரிஞ்சிருக்கு, குழம்பு வழிஞ்சிருக்கு. அந்த மலை உயிரோட இருக்கும்மா. ஒருத்தர் கோட்டை விடலாம். ரெண்டு பேருமா?"



பாவி நான். பத்தொன்பது வருஷமா தேடினாரு. புத்தி தப்பிக்கிட்டிருக்கிற நேரத்துல கண்டுபிடிச்சாரு — நான் அழிச்சேன். ரெண்டு நிமிஷம் ஒழுங்கா பார்த்தேனா? இல்ல. இவருக்கு இனிமே என்ன தெரியும்னு நினைச்சேன். நினைச்சேனே! நோய் செஞ்சதை விட இது பெருசில்லையா?

ஆகஸ்ட் 19

மேகமூட்டத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கணினியில் பதிவு இருந்தது. காலை 11.40-க்கு இவர் வட்டம் போட்டது, மதியம் 1.15-க்கு அது அழிந்தது.

"கண்டுபிடிச்சவர்னு அவர் பேர் வரும். உங்க..." என்று இழுத்தார்.

"என் பேர் வேண்டாம் சார். மார்ச்சிலிருந்து நாங்க அனுப்பினதை எல்லாம் வேற ரெண்டு பேர் திரும்பப் பார்க்கணும்." திங்கட்கிழமையிலிருந்து நான் வேலைக்கு வர வேண்டியதில்லையாம். அது நியாயம்தான்.

ஆகஸ்ட் 26

214-ன் இரண்டு படத்தையும் அச்செடுத்து வந்திருந்தேன். மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, இவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தார். விரல் நேராக வடக்குச் சரிவுக்குப் போனது. "இங்க மாறியிருக்கு."

"ஆமாங்க. நீங்கதான் முதல்ல பார்த்தீங்க. நான்தான் அதை அழிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார், புதிதாக வேலைக்கு வந்தவளைப் பார்ப்பது போல.

"அழாதீங்கம்மா. நான் சொன்னா மட்டும் ஆச்சா? ரெண்டாவது ஆள் பார்க்கணும். என் வீட்டுக்காரிதான், பின்னாடி மேசைல இருப்பா. அவ இல்லைன்னு சொன்னா இல்லதான். அவ கண்ணு தப்பாது."

சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். வட்டம் போட்டார். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"அவ பார்க்கிற வரைக்கும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன்.